தாகம் எடுத்தால் நிற்கலாம்

ஓமன் மலைகளுக்கு நடுவே வறண்டு கிடந்த பள்ளத்தாக்கில் முதுகுளத்தூர் இருளாண்டி ஏறிக்கொண்டிருந்தான். அவன் உடம்பு உணர்ந்ததையெல்லாம், அவன் மேல் பொருத்திய கருவி வழியாகச் சென்னையில் கட்டிலில் படுத்திருந்த வைத்தீஸ்வரனும் உணர்ந்தார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் இப்படித்தான் மலையேறுகிறார்.

"பாறை என்னமா சுடுது தம்பி! பேஷ்," என்றார் இருளாண்டியின் காதுக்குள்.

இப்படி வாடிக்கையாளருக்காகக் கூலிக்கு நடப்பவர்கள் தாங்களாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. மீறினால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட். வாடிக்கையாளருக்குத் தாகம் எடுத்தால் நிற்கலாம், குடிக்கலாம். அதனால் நாக்கு வறண்டதும் நடப்பவர்கள் நிழலை விட்டுவிட்டு வெயில் பக்கமாக ஏறுவார்கள். ஐந்து நிமிடத்தில் சென்னையிலிருந்து நிற்கச் சொல்லிக் குரல் வந்துவிடும்.

இருளாண்டியும் வெயிலுக்கு மாறினான். தொண்டை ஒட்டிக்கொண்டது.

"அப்பப்பா, என்ன தாகம் தம்பி!" என்றார் வைத்தீஸ்வரன்.

"நிக்கட்டுங்களா சார்?" கேட்கும்போதே அவன் கை பாட்டிலைத் தொட்டுவிட்டது.

"கொஞ்சம் இரு. இந்தக் கருவியில புதுசா ஏதோ பட்டன் வந்திருக்குன்னு என் பொண்ணு சொன்னா."

காதுக்குள் பட்டன் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆங், எனக்கு வர்ற தாகத்தை மட்டும் அணைச்சாச்சு," என்றார் உற்சாகமாக. "இனிமே நீ நிக்கவே வேண்டாம். இந்த வெயில் பக்கமாவே உச்சிவரைக்கும் போயிடலாம்."