புளியமரத்துக்கு நம்பர் 47

ரோட்டோரப் புளியமரத்தில் பெயிண்டால் 47 என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

“ஐம்பது வருஷமா நிழல் கொடுத்தேன். ஒருத்தன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்பத்தான் மனுஷனுக்குக் கண் தெரிஞ்சிருக்கு” என்றது மரம்.

பொந்தில் குட்டி போட்டிருந்த அணில் தலையை நீட்டியது. “பெரியப்பா, எதிர்ப்பக்கத்து மரங்களுக்கும் போன மாசம் நம்பர்தான் போட்டாங்க. இப்ப அங்கே அடிக்கட்டைதான் கிடக்கு.”

“பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போயிடு, தாயி. எனக்குத்தான் கால் இல்லை” என்றது மரம்.

கண் திறக்காத குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு அணில் ஓடியது. மாலையில் அதே குட்டியோடு திரும்பி வந்தது.

“ரோடு முடியறவரைக்கும் பார்த்துட்டேன், பெரியப்பா. நம்பர் போடாத மரமே இல்லை.”

பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும் புளியமரம், அன்று பொந்தின்மேல் அத்தனை இலைகளையும் விரித்தே வைத்திருந்தது.