மெழுகில் பதிந்த வாய்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ரேடியம் என்ற சொல்லே என் வாயில் ஒழுங்காக வராது.

என் தங்கச்சி அனீஸாவின் கன்னத்துக்குள் ஆறாத புண். வெற்றிலை, புகையிலை ஒதுக்கின இடத்தில் வந்த புற்று என்றார் கொழும்பு டாக்டர். ரேடியம் வைத்துச் சுடுவாராம். கடுகளவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு. அது நாக்கையும் தாடையையும் சேர்த்துச் சுட்டுவிடக் கூடாது. நடுவில் தடுக்க, அவள் வாய்க்கு அளவாக ஈயம் பதித்த ஒரு தட்டு வேண்டும்.

"கண்டியில் பல் கட்டுகிறவரிடம் செய்துகொண்டு வாருங்கள். தட்டில்லாமல் ரேடியம் வைக்க மாட்டேன்," என்று அனுப்பிவிட்டார்.

பல் கட்டுகிற ராஜலிங்கம் அச்செடுக்க மெழுகோடு கிட்ட வந்ததும், அனீஸா முக்காட்டை இழுத்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

"அந்நிய ஆம்பிளைட விரல் என்ட வாய்க்குள்ளயா? உசிர் போய் மவுத்தானாலும் சரி ராத்தா, தொறக்க மாட்டன்."

அவள் மாப்பிள்ளை ஜவாஹிர் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாளிலிருந்து வீட்டிலும் இல்லை, தன் புடவைக் கடையிலும் இல்லை.

தேடிப் போனேன். கண்டி திருகோணமலை வீதியில் ராஜலிங்கத்தின் கடையில், கதிரையில் சாய்ந்து கிடந்தார். வாய் நிறைய மெழுகு.

என் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டேன்.

"பொஞ்சாதிட கன்னம் அழுகுது. மச்சானுக்குப் புதுப் பல் கேக்குதோ?"

அவர் கையை மட்டும் ஆட்டினார்.

"பொறுங்கம்மா," என்றார் ராஜலிங்கம். "இப்ப பேசுனா அச்சு கெட்டுப் போயிரும்."

"கெட்டது அச்சு மட்டுமா?" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் அனீஸாவிடமும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜவாஹிர் வந்தார். உதடெல்லாம் சூட்டுக் கொப்புளம். கூடவே ராஜலிங்கம். அவர் உள்ளே வரவில்லை. வாசல் திரைக்கு வெளியே, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஜவாஹிர் சுடுதண்ணீரில் மெழுகைப் போட்டார்.

"இளகிருச்சா?" என்று திரைக்கு வெளியே குரல்.

"ஓ, இளகிருச்சு."

"மொதல்ல உங்க உதட்டுல வச்சுப் பாருங்க முதலாளி. சுட்டா அவங்களுக்கு வைக்காதீங்க."

வைத்துப் பார்த்தார். பிறகு அனீஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ட விரல்தானே, புள்ள. தொற."

அவள் திறந்தாள்.

மெழுகு வெளியே வந்தபோது கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லும், ஈறும், புண்ணின் பள்ளமும் அப்படியே பதிந்திருந்தன. திரைக்கு அடியால் கை நீட்டி வாங்கினார் ராஜலிங்கம்.

"நாலு நாளா உங்க வாயில எடுத்துப் பழகினது வீண் போகல, முதலாளி."

அனீஸா ஜவாஹிரின் உதட்டுக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அந்தப் பள்ளத்தை. அதே இடத்தில் என் கன்னத்துக்குள்ளும் ஒரு வெள்ளைத் தடிப்பு. யாரிடமும் காட்டியதில்லை.

எழுந்து போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்தேன்.

"மச்சான், கொழும்பு ரயிலுக்கு எனக்கும் ஒரு டிக்கட் எடுங்க."

"நீங்க எதுக்கு மதினி?"

"டாக்டருக்கு முன்னால வாயத் தொறக்க," என்றேன்.