ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட்

இரும்புலியூர் வீட்டு ஹாலில், அந்தமானுக்குப் போகவேண்டிய பெட்டி வாய்பிளந்து கிடக்கிறது. வாந்தி மாத்திரை, கொசுக் களிம்பு எல்லாவற்றின் மேலும் மழைநாளின் அழுக்கு வெளிச்சம். ஜெயகிருஷ்ணன் புது லைஃப் ஜாக்கெட்டை மனைவி விஷ்ணுப்ரியாவுக்கு மாட்டி, வாரை இழுத்து அளவு பார்க்கிறான். கொக்கி டக்கென்று பூட்டிக்கொள்கிறது. முடிச்சூர் வெள்ளத்தன்று அவள் கேட்ட அதே சத்தம். படகில் இருந்த ஒரே ஜாக்கெட்டை அப்பா அவளுக்கு மாட்டி, முதல் நடையில் ஏற்றிவிட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் கேட்டைப் பிடித்தபடி நின்றவர், படகு மறுநடை வந்தபோது அங்கே இல்லை. "உங்களுக்கு எங்க?" என்கிறாள். "எனக்கெதுக்கு? எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று சிரிக்கிறான். வெளியே மழை வலுக்கிறது. கொக்கியைக் கழற்றத் தெரியாமல் தடவியபடி அவள் மெதுவாகச் சொல்கிறாள்: "அப்பாவுக்கும் தெரியும்."