குமிழி வராத கடல்

கஸ்பார் சங்கு எடுக்கக் கடலில் இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதுகில் காற்று உருளை இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செவுள் கருவியை முகத்தில் மாட்டியிருந்தார். சோதித்துப் பார்க்க ஒரு நிறுவனம் கொடுத்தது. கயிறு உரசினால் அதன் மெல்லிய சவ்வு கிழிந்துவிடுமாம்.

சங்கு குளிப்பவரின் இடுப்புக் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகிலிருந்து பிடிப்பான். அக்காள் விதவையாவதை அவன் விரும்பமாட்டான் அல்லவா. பன்னிரண்டு வருடமாகக் கஸ்பாரின் கயிற்றை இன்னாசி பிடித்தான். இன்று கயிறு இல்லை.

"இனிமே கடலையைக் கொறிச்சிக்கிட்டு இரு மாப்ள" என்று சிரித்துவிட்டுத்தான் கஸ்பார் குதித்தார்.

உருளையோடு இறங்கினால் குமிழிகள் வரும், ஆள் இருக்கும் இடம் தெரியும். இந்தக் கருவியில் வெளிவிடும் மூச்சும் தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

"அரை மணி நேரத்துல வரச் சொல்லியிருந்தேன். வந்துருவாரு" என்றார் படகில் கூட வந்திருந்த நிறுவனத்து ஆள், மூன்றாவது முறையாக.

இன்னாசிக்கு நன்றாக நீந்தத் தெரியும். எந்தப் பக்கம் குதிப்பது என்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. அக்காள்.

"ஏலே, அத்தான் இன்னும் கீழதான் இருக்காவளா?"

"ஆமாக்கா."

"கயிறு அசையுதா?"

கருவியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னாசி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசையுதுக்கா."

"அப்பச் சரி. நான் போனை வைக்கேன். நீ ரெண்டு கையாலயும் பிடி."