ஜாஸ்மினின் ஆமை

இறந்துபோன மகள் ஜாஸ்மின் பாதியில் விட்டிருந்த களிமண் ஆமை நடக்கும் படத்தை முடித்துத் தரும்படி ஸ்டெல்லா வீட்டிலிருந்த பேசும் இயந்திரத்திடம் கேட்டாள். ஆமையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி ஒரு போட்டோ என்று பிள்ளை எடுத்து வைத்திருந்தவற்றை அது நொடியில் கோத்து, மீதியையும் தானே உருவாக்கிக் காட்டியது. திரையில் ஆமை தடங்கலில்லாமல் கடல்வரை நடந்து போனது.

ஸ்டெல்லா பதறினாள். "ஓரத்துல எம்புள்ள விரலு தெரியுமே, எங்க?"

"தவறுதலா விழுந்ததுன்னு எல்லாத்துலயும் அழிச்சிட்டேம்மா. பழைய போட்டோ எதையும் வச்சுக்கல."

அவள் மேசைமேல் இருந்த ஆமையைக் குனிந்து பார்த்தாள். எண்ணெய் கலந்ததால் காயாமல் இன்னும் இளகியே இருந்த களிமண் ஓட்டில் ஜாஸ்மினின் விரல் ரேகை பதிந்திருந்தது. தன் கை பட்டால் அதுவும் போய்விடுமென்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதாள்.