கன்னத்து மங்கு

முள்ளிப்பட்டுத் தறி வீட்டில் புதிதாகத் தார்க்குச்சியில் நூல் சுற்ற வந்த ஜெயப்ரியாவின் கன்னத்தில் மங்கு படர்ந்திருந்தது. பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சுகந்திக்கு வயிறு எரிந்தது. தனக்குக் கரு கலைந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இவளோ முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“மாசமா இருந்தா வர்ற மங்குதானே? கிரீம் போட்டா போயிடும்,” என்றாள் வெடுக்கென்று.

“டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்கக்கா. நான்தான் தடவல.”

“ஏன், ஊருக்கெல்லாம் காட்டிகினு திரியணுமா?”

ஜெயப்ரியா கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். “நாலாம் மாசமே கலைஞ்சிடுச்சுக்கா. அது வந்துட்டுப் போனதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்.”

சுகந்தி சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

மறுபடியும் பொறாமையாகத்தான் இருந்தது.