துரை வண்டி

வண்டியின் ஆம்பியர் முள் நடுவுக்கு வந்து நின்றது.

அவன் கிக்கரை இன்னும் ஒரு நூல் அளவு இறக்கினான். மூச்சு விட்டான். பிறகு முழு எடையோடு மிதித்தான்.

முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது.

வீட்டை ஒட்டிய சாய்ப்பின் தகரம் அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டுச் சேவல் கூரைக்கு ஏறியது.

மூன்று வருடம்.

தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் இரும்புக் குப்பையில் கிடந்த புல்லட். டேங்கில் எலி குட்டி போட்டிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. டீசல் ஊற்றிப் பதினோரு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் பிரித்தான். அதே ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்து இதில் குனிந்தால் சோறு ஆறிப்போகும்.

பச்சை பெயின்ட் அவனே கலந்தது. ஒரு நட்டில்கூட வெளியாள் கை படவில்லை.

புது சைலன்சர் போட்டுப் பார்த்தான். சத்தம் சரியில்லை. கழற்றி எறிந்தான். துருப்பிடித்த பழையதையே தேடி எடுத்து, ஓட்டை ஓட்டையாகப் பற்றவைத்து மாட்டினான்.

அதே சத்தம் வேண்டும். வேறு சத்தம் வந்தால் அது வேறு வண்டி.

இது எஸ்டேட் மேனேஜர் ஓட்டியது. மேனேஜரை அங்கே துரை என்பார்கள். அவர் ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து வருடமாகிறது.

அம்மா மட்டும் சாய்ப்புப் பக்கம் வருவதில்லை. அந்தத் துரையிடம் கொழுந்து பறித்தவள். விறகு எடுக்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"ஏண்டா, ஒலகத்துல வேற இரும்பே கெடைக்கலையா ஒனக்கு?"

அவளை இதில் ஒரு ரவுண்டு ஏற்றிப் போக வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு. சொல்லியும் பார்த்தான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று ரேஷன் நாள். வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் முன்புதான் நடந்து போனாள்.

அவன் வண்டியை வெளியே எடுத்தான்.

தூறல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இந்தக் காலத்து ஆள் ஏறினால் முதல் வளைவிலேயே சரிவில் கிடப்பான். அவன் கிடக்கவில்லை. சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டான்.

மூன்றாவது வளைவில் அம்மாவின் முதுகு தெரிந்தது. மேலே கறுப்புக் குடை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டை விட்டு ஓரப் பள்ளத்துக்குள் இறங்கினாள். குடையை மடக்கினாள். தேயிலைச் செடியைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றாள்.

அவன் பிரேக்கை மிதித்தான்.

சின்ன வயதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் இப்படி இறங்கி நின்றிருக்கிறான். துரை வண்டி வந்தால் இறங்கிவிட வேண்டும். மழையானாலும் குடையை மடக்க வேண்டும். சத்தம் தேய்ந்த பிறகுதான் மேலே ஏறலாம்.

எப்படி மறந்தான்?

"அம்மா."

அவள் திரும்பினாள். முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகுதான் அவனை.

"நீயாடா?"

கணுக்கால்வரை செம்மண் தண்ணீர். அவன் கை என்ஜினை அணைக்கப் போனது.

"இரு. அணைக்காத."

கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இருக்குடா. காலு தானா எறங்கிருச்சு பாரு." சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "நாசமாப் போற காலு."

மேலே ஏறி வந்தாள். பையை உதறி மடித்து ஈர சீட்டில் போட்டாள். அவன் தோளைப் பிடித்து ஏறி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இதுல எங்கடா பிடிக்கிறது?"

"என்னையப் பிடிச்சுக்க."

"விழுந்தேன்னா ஒன்னத்தான் ஒதைப்பேன். வண்டிய விடு."

அவன் விட்டான். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. முதல்முறையாக வண்டி ஓட்டும் பையனைப் பிடித்திருப்பதுபோல் அம்மாவின் கை அவன் முதுகை அழுத்தியது. ஒவ்வொரு கியரும் வெண்ணெயாக விழுந்தது.

அடுத்த வளைவு தாண்டியதும் முன்னால் மூன்று குடைகள். பேச்சியம்மா, செல்லக்கிளி, ரோசம்மா. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள். அவர்களும் ரேஷன் கடைக்குத்தான்.

சத்தம் அவர்களை எட்டியது.

ஒருத்தியும் திரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் இறங்கினார்கள். மூன்று குடைகளும் மடங்கின.

அவன் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அம்மா தோளில் தட்டினாள்.

"அடிக்காத. நிறுத்து."

அவர்களுக்குப் பின்னால் பத்தடியில் நிறுத்தினான். அவள் இறங்குவாள் என்று நினைத்தான்.

இறங்கவில்லை. கூப்பிடவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வண்டி கடந்து போவதற்காக மூன்று பேரும் தலைகுனிந்து காத்து நின்றார்கள். வண்டி போகவில்லை. நின்ற இடத்திலேயே என்ஜின் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி தவறவில்லை. ஒரு அடி முந்தவில்லை.

"நனையிறாங்கம்மா. சொல்லேன்."

"அதுங்களாத் திரும்பட்டும்."

தூறல் வலுத்தது.

முதலில் திரும்பியது ரோசம்மா.